மீண்டும் மட்டை பிடித்த தோள்

கோல்ப் வீரர் பென் ஹோகன் வாழ்க்கை

1949-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் வான் ஹார்ன் என்ற சிற்றூர். அதன் அருகே செல்லும் நெடுஞ்சாலையில் ஒரு கார் போய்க்கொண்டு இருந்தது. காலை எட்டரை மணி ஆகியும் மூடுபனி விலகவில்லை.

காரை ஓட்டியவர் பென் ஹோகன். வயது 36. பக்கத்தில் அவருடைய மனைவி வேலரி இருந்தார். பனிக்குப் பயந்து ஹோகன் காரை மெதுவாகவே ஓட்டினார்.

திடீர் என்று எதிரே நான்கு விளக்குகள் தெரிந்தன. இரண்டு லாரியின் விளக்குகள். மற்ற இரண்டும் அந்த லாரியை முந்திக்கொண்டு வந்த பஸ்சின் விளக்குகள். ஹோகனின் கார் அப்போது ஒரு சிறு பாலத்தின் மீது இருந்தது. ஒதுங்க இடம் இல்லை.

இனித் தப்ப முடியாது என்று ஹோகனுக்குத் தெரிந்துவிட்டது. அவர் ஸ்டியரிங்கை விட்டார். வலப்பக்கம் இருந்த மனைவியின் மேல் பாய்ந்து, தன் உடம்பால் அவரை மூடிக்கொண்டார். மறு நொடியே பஸ் மோதியது.

காரின் முன்பகுதி நொறுங்கியது. என்ஜின் உள்ளே தள்ளிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங் தண்டு, ஓட்டுபவர் உட்காரும் சீட்டைக் குத்திக்கொண்டு போயிற்று. அங்கே ஹோகன் இல்லை. மனைவியைக் காப்பாற்றப் பாய்ந்தவர், அதனாலேயே தானும் உயிர் தப்பினார்.

வேலரிக்குச் சிறு காயங்கள்தான். ஆனால் ஹோகனின் இடது தோளில் காறை எலும்பு முறிந்துவிட்டது. இடுப்பு எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. இடது கணுக்கால் முறிந்தது. ஒரு விலா எலும்பும் சிதைந்தது.

அப்போது அமெரிக்காவில் கோல்ப் ஆட்டத்தின் சக்கரவர்த்தி அவர்தான். மூன்று வாரங்களுக்கு முன்புதான் "டைம்" என்ற புகழ் பெற்ற வாரப் பத்திரிகை, அவருடைய படத்தை அட்டையில் போட்டிருந்தது.

தோளை நம்பிய ஆட்டம்

கோல்ப் என்பது பரந்த புல்வெளியில் ஆடும் ஆட்டம். தரையில் ஒரு சிறு வெள்ளைப் பந்து இருக்கும். நீண்ட மட்டையால் அதை அடித்து, தொலைவில் உள்ள ஒரு குழியில் விழச் செய்ய வேண்டும். மொத்தம் 18 குழிகள். யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். பெரிய போட்டிகளில் 18 குழிகளை நான்கு தடவை சுற்றி வர வேண்டும்.

இந்த ஆட்டத்தில் முக்கியமானது மட்டையை வீசும் முறை. வலக்கை ஆட்டக்காரர் மட்டையைப் பின்னால் ஓங்கும்போது, இடது தோள் திரும்பித் தாடைக்கு அடியில் வர வேண்டும். பிறகு இடுப்பு திரும்பும். அதைத் தொடர்ந்து தோளும் கைகளும் மட்டையும் சுழன்று வரும். சாட்டையில் பிடி முதலில் அசைய, நுனி கடைசியில் வந்து சுளீர் என்று அடிக்கிறது அல்லவா? அதைப் போன்றது இது.

தோள் திரும்பாவிட்டால் வீச்சு இல்லை. இடுப்பு அசையாவிட்டால் வேகம் இல்லை. நடக்க முடியாவிட்டால் ஆட்டமே இல்லை. ஹோகனுக்கு இந்த மூன்றுமே ஒரே நொடியில் போய்விட்டன.

பேப்பர் விற்ற சிறுவன்

ஹோகன் செல்வத்தில் பிறந்தவர் அல்லர். 1912-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி டெக்சாசில் பிறந்தார். தகப்பனார் செஸ்டர் ஹோகன் ஒரு கொல்லர். குதிரைக்கு லாடம் அடிப்பது அவர் தொழில். மோட்டார் கார்கள் பெருகப் பெருக, அந்தத் தொழில் நலிந்துகொண்டே வந்தது. 1922-ம் ஆண்டில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அப்போது பென்னுக்கு 9 வயது.

தாயார் கிளாரா தையல் வேலை செய்து மூன்று குழந்தைகளையும் காப்பாற்றினார். அண்ணன் ராயல் பேப்பர் விற்றான். தம்பி பென்னும் போர்ட்வொர்த் நகர ரெயில் நிலையத்தில் பேப்பர் கட்டோடு நின்றான்.

கோல்ப் மைதானத்தில் பை தூக்கினால் கூடுதல் காசு கிடைக்கும் என்று அவன் கேள்விப்பட்டான். 11-வது வயதில் கிளன் கார்டன் என்ற கோல்ப் கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தான். பணக்காரர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்து 18 குழிகளையும் சுற்றி வந்தால் கூலி 65 சென்ட்.

அதே மைதானத்தில் பை தூக்கிய இன்னொரு சிறுவன் பைரன் நெல்சன். 1927-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், பை தூக்கும் பையன்களுக்கு ஒரு போட்டி நடந்தது. ஹோகனும் நெல்சனும் சமமாக வந்தார்கள். மறுபடி ஆடியதில் நெல்சன் ஓர் அடியில் வென்றான். பின்னாளில் இருவருமே உலகப் புகழ் பெற்றார்கள்.

பத்து வருடச் சோதனை

1930-ம் ஆண்டில், 18 வயது நிறைவதற்கு முன்பே, கோல்ப் ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டார் ஹோகன். கையில் இருந்த பணம் கரைந்தது. வீட்டுக்குத் திரும்பினார். வேலை செய்து பணம் சேர்த்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டார். அதுவும் கரைந்தது.

1935-ல் வேலரியை மணந்தார். மனைவியும் அவருடன் ஊர் ஊராகக் காரில் சுற்றினார். 1938-ல் ஓக்லண்டு நகரில் ஒரு போட்டி. அப்போது அவர்களிடம் மிஞ்சியிருந்தது நூறு டாலருக்கும் குறைவு. போட்டியின்போது ஒரு நாள் காலையில் வெளியே வந்து பார்த்தால், காரின் சக்கரங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்! ஹோகன் வேறு வண்டியில் மைதானத்துக்குப் போய் ஆடினார். அன்று கிடைத்த பரிசுப் பணம்தான் அவரை ஆட்டத்திலேயே நிறுத்தியது.

அவருடைய குறை ஒன்றே ஒன்று. அவர் அடிக்கும் பந்து நேராகப் போய், கடைசியில் இடப்பக்கம் வளைந்து ஓடிவிடும். அதைத் திருத்தப் பாடுபட்டார். மற்றவர்கள் ஓய்வு எடுக்கும் நேரத்தில் அவர் பந்து அடித்துக்கொண்டு இருப்பார். உள்ளங்கை தோல் உரியும். கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் அடிப்பார்.

1940-ல் தனி ஆட்டத்தில் முதல் வெற்றி கிடைத்தது. அதைத் தொடர்ந்து அடுத்தடுத்து மேலும் இரண்டு வெற்றிகள். உலகப் போரின்போது விமானப் படையில் பணியாற்றிவிட்டுத் திரும்பினார். மட்டையைப் பிடிக்கும் விதத்தையும், ஓங்கும்போது இடது மணிக்கட்டை வைக்கும் விதத்தையும் சிறிது மாற்றினார். பந்து இடப்பக்கம் ஓடுவது நின்றது. 1946-ல் பி.ஜி.ஏ. பட்டம் வென்றார். 1948-ல் மீண்டும் அந்தப் பட்டமும், அமெரிக்க ஓபன் பட்டமும் அவருக்கே கிடைத்தன.

இப்படிப் பல வருடம் பாடுபட்டுப் பழகிய வீச்சைத்தான் மூடுபனியில் வந்த பஸ் ஒரு நொடியில் பறித்துவிட்டது.

ராணுவ விமானத்தில் வந்த டாக்டர்

ஹோகனை எல் பாசோ நகரத்துக்கு ஆம்புலன்சில் கொண்டு போனார்கள். அது நூறு மைலுக்கும் அப்பால் இருந்தது. ஆஸ்பத்திரியில் எலும்புகளைச் சேர்த்துக் கட்டுப் போட்டார்கள். உயிருக்கு ஆபத்து நீங்கியது என்று எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் புதிய ஆபத்து ஒன்று வந்தது. அசையாமல் படுத்துக் கிடந்ததால், காலில் இரத்தம் உறைந்து கட்டிகள் உண்டாயின. அந்தக் கட்டி ஒன்று நகர்ந்து நுரையீரலுக்குப் போயிற்று. இன்னொன்று போனால் உயிர் நிலைக்காது.

இதற்கு ஆபரேஷன் செய்ய வல்லவர் நியூ ஆர்லியன்ஸ் நகரில் இருந்தார். அவர் பெயர் டாக்டர் ஆல்டன் ஆக்ஸ்னர். அவரை உடனே அழைத்து வர வழி இல்லை. வேலரி விமானப் படை அதிகாரிகளிடம் உதவி கேட்டார். பி-29 என்ற பெரிய ராணுவ விமானம் டாக்டரை ஏற்றிக்கொண்டு வந்தது.

கால்களில் இருந்து இருதயத்துக்கு இரத்தம் கொண்டு போகும் பெரிய இரத்தக் குழாயை டாக்டர் கட்டிவிட்டார். கட்டிகள் மேலே ஏற வழி அடைபட்டது. ஹோகன் பிழைத்தார். ஆனால் அதற்குக் கொடுத்த விலை பெரிது. அன்று முதல் கால்களின் இரத்தம் சிறு குழாய்கள் வழியாகவே திரும்ப வேண்டும். நெடுநேரம் நின்றால் கால் வீங்கும். நடந்தால் நோகும். இது ஆயுள் முழுவதும் நீடித்தது.

விபத்து நடந்து 58 நாட்களுக்குப் பிறகு, ஏப்ரல் முதல் தேதி ஹோகன் வீட்டுக்குப் புறப்பட்டார். உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. இனி அவர் நடப்பாரா என்பதே சந்தேகமாக இருந்தது. கோல்ப் ஆடுவதைப் பற்றி யார் நினைப்பார்கள்?

கூடத்தில் தொடங்கிய நடை

ஹோகன் நினைத்தார். ஆனால் அவசரப்படவில்லை.

முதலில் வீட்டுக் கூடத்தையே சுற்றிச் சுற்றி நடந்தார். இத்தனை சுற்று என்று கணக்கு வைத்துக்கொண்டார். பிறகு தெருவில் இறங்கினார். சில நாட்களில் நடந்து போனவருக்குத் திரும்பி வரக் காலில் சக்தி இருக்காது. வேலரி காரில் போய் அழைத்து வருவார். மறுநாள் மீண்டும் புறப்படுவார்.

செப்டம்பர் மாதம் அமெரிக்க அணி இங்கிலாந்துக்குச் சென்றது. ரைடர் கோப்பைப் போட்டியில் ஹோகன் ஆடாத தலைவராக இருந்து அணியை நடத்தினார். அணி வென்றது. ஆனால் அவர் கையில் மட்டை இல்லை.

குளிர் காலம் நெருங்கியபோதுதான் மட்டையைக் கையில் எடுத்தார். எடுத்த உடனே ஓங்கி வீசவில்லை. குழியின் அருகே இருந்து பந்தைத் தள்ளுவது, சற்று எட்ட இருந்து தூக்கிப் போடுவது போன்ற சிறு அடிகளில் தொடங்கினார். இவற்றுக்குத் தோள் அதிகம் திரும்ப வேண்டியதில்லை. பிறகு மெல்ல மெல்ல வீச்சை நீட்டினார். டிசம்பரில், விபத்துக்குப் பிறகு முதல் தடவையாக 18 குழிகளையும் சுற்றி முடித்தார். வீட்டுக்கு வந்ததும் களைத்துப் படுத்துவிட்டார்.

பழைய வீச்சு திரும்பவில்லை. இடது தோளில் வலி இருந்தது. முன்போல மட்டையை வெகுதூரம் பின்னால் கொண்டு போகவில்லை. வீச்சு குறுகியது. ஆனால் அது கட்டுக்கோப்பாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தது. பலத்தைவிட ஒழுங்கை நம்பினார் ஹோகன். நூறு தடவை ஓங்கினாலும் மட்டை ஒரே வழியில் போய், ஒரே வழியில் திரும்ப வேண்டும். அதுவே அவருடைய பயிற்சி.

1950 ஜனவரியில், விபத்து நடந்து ஓர் ஆண்டு நிறைவதற்குள், லாஸ் ஏஞ்சல்ஸ் போட்டிக்கு வந்து நின்றார். அவரைப் பார்க்கவே கூட்டம் கூடியது. முதல் சுற்றில் 73 அடிகள். அடுத்த மூன்று சுற்றுகளிலும் 69, 69, 69! சாம் ஸ்னீட் என்ற பெரிய வீரரோடு சமமாக வந்தார். மறு ஆட்டத்தில் ஸ்னீட் வென்றார். ஆனாலும் ஊரெல்லாம் ஹோகனைப் பற்றியே பேச்சு.

ஒரே நாளில் 36 குழிகள்

உண்மையான சோதனை 1950 ஜூன் மாதம் வந்தது. பிலடெல்பியா நகரின் அருகே மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓபன் போட்டி. அந்தக் காலத்தில் கடைசி இரண்டு சுற்றுகளையும் ஒரே நாளில் ஆடவேண்டும். அதாவது 36 குழிகள். காலை முதல் மாலை வரை நடை.

ஹோகன் காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுக் கால்களை ஊற வைத்தார். பிறகு இரு கால்களையும் துணிப்பட்டையால் இறுகச் சுற்றிக்கொண்டு புறப்பட்டார்.

மதிய ஆட்டத்தில் 12-வது குழியில் பந்தை அடித்ததும் கால் பிடித்துக்கொண்டது. விழப் பார்த்தார். சமாளித்து நின்றார். அதன் பிறகு ஒவ்வோர் அடியும் வேதனை. முன்னணியில் இருந்தவர், கடைசிக் குழிகளில் அந்த நிலையை இழந்தார்.

கடைசிக் குழி. அதை நான்கு அடிகளில் முடித்தால்தான் முதல் இடத்தில் சமமாக நிற்கலாம். முதல் அடி நன்றாக விழுந்தது. இன்னும் குழிக்கு 200 கெஜத்துக்கும் அதிகம். ஹோகன் ஒன்றாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்தார். நேராக அடிப்பதற்கு மிகவும் கடினமான மட்டை அது.

அந்தத் தோள் திரும்பியது. கட்டுப் போட்ட கால்கள் தாங்கின. பந்து பறந்து போய்ப் பச்சைத் திடலில் விழுந்தது. இன்னும் இரண்டு அடிகளில் பந்து குழிக்குள் விழுந்தது. நான்கு அடிகள்!

ஹை பெஸ்கின் என்ற புகைப்படக்காரர் பின்னால் நின்று அந்த வீச்சைப் படம் எடுத்தார். ஓங்கிய மட்டை, திரும்பிய தோள், எதிரே மக்கள் வெள்ளம். கோல்ப் உலகில் அதைவிடப் புகழ் பெற்ற படம் இல்லை எனலாம். அந்த மட்டையோ காணாமல் போய்விட்டது! 30 வருடங்களுக்கும் அதிகமாகக் கழித்துத்தான் அது கிடைத்தது.

மறுநாள் மூவர் மறு ஆட்டம் ஆடினார்கள். லாயிட் மேங்ரம் 73 அடிகள். ஜார்ஜ் பாசியோ 75. ஹோகன் 69. பட்டம் ஹோகனுக்கே. விபத்து நடந்து 16 மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அடுத்த ஆண்டே அவருடைய கதை சினிமாவாக வந்தது.

காகித மழை

கால்களின் நிலையை உணர்ந்து, ஹோகன் வருடத்துக்குச் சில போட்டிகளில் மட்டுமே கலந்துகொண்டார். 1951-ல் மாஸ்டர்ஸ் பட்டமும், மீண்டும் அமெரிக்க ஓபன் பட்டமும் வென்றார்.

1953-ம் ஆண்டுதான் அவருக்குப் பொன்னான ஆண்டு. அவர் ஆடியது 6 போட்டிகள். வென்றது 5. மாஸ்டர்சில் 274 அடிகளில் முடித்துப் புதிய சாதனை செய்தார். அமெரிக்க ஓபனை நான்காவது தடவையாக வென்றார்.

பிறகு கடல் கடந்து ஸ்காட்லாந்து போனார். கார்னூஸ்டி என்னும் ஊரில் பிரிட்டிஷ் ஓபன் போட்டி. கடல் காற்று வீசும் மைதானம். அங்கே ஆடிய பந்து அமெரிக்கப் பந்தைவிடச் சிறியது. ஆகவே முன்னதாகவே போய் அந்தப் பந்தில் பழகினார். கடைசி நாளில் காய்ச்சல் கண்டது. ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். நான்கு சுற்றுகளில் 73, 71, 70, 68. சுற்றுக்குச் சுற்று அடிகள் குறைந்தன. நான்கு அடி வித்தியாசத்தில் வென்றார். அவர் வாழ்க்கையில் ஆடிய ஒரே பிரிட்டிஷ் ஓபன் போட்டி அதுதான்.

நியூயார்க் திரும்பியபோது மக்கள் திரண்டு வரவேற்றார்கள். ஊர்வலத்தில் மாடிகளில் இருந்து காகிதத் துண்டுகள் மழையாகப் பொழிந்தன. ரெயில் நிலையத்தில் பேப்பர் விற்ற பையனுக்கு அந்த வரவேற்பு!

எல்லாருக்கும் ஐந்து பாடங்கள்

அதே ஆண்டில் போர்ட்வொர்த் நகரில் கோல்ப் மட்டை செய்யும் தொழிற்சாலை தொடங்கினார். முதலில் தயாரான மட்டைகள் அவர் மனத்துக்கு நிறைவு தரவில்லை. நஷ்டத்தைப் பாராமல் அவற்றை விற்காமலே ஒதுக்கிவிட்டார்.

1957-ல், தான் கற்ற வித்தையை ஐந்து பாடங்களாக எழுதிப் புத்தகமாக வெளியிட்டார். எழுத்தாளர் ஹெர்பர்ட் வாரன் விண்ட் அதில் துணை புரிந்தார். பிடி, நிற்கும் நிலை, மட்டையை ஓங்குதல், இறக்கி அடித்தல், எல்லாவற்றையும் தொகுத்துச் சொல்லுதல் ஆகியவையே அந்தப் பாடங்கள். பந்தில் இருந்து தோள் வரை ஒரு கண்ணாடிப் பலகை சாய்ந்து நிற்பதாக எண்ணிக்கொண்டு, மட்டை அதை உடைக்காமல் கீழேயே போய்வர வேண்டும் என்று அதில் விளக்கினார். இறக்கும்போது முதலில் கை அல்ல, இடுப்பே திரும்ப வேண்டும் என்றும் காட்டினார். சாதாரண மனிதரும் முறையாகப் பழகினால் நன்றாக ஆடலாம் என்பதே அந்தப் புத்தகத்தின் சாரம். உலகெங்கும் கோல்ப் பழகுவோர் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

ஆறாத தோள்

ஹோகனின் இடது தோள் முழுவதும் குணம் ஆகவே இல்லை. 1960-களில் அதற்கும் ஆபரேஷன் செய்ய நேர்ந்தது. ஆனாலும் 1967-ல், 54-வது வயதில், மாஸ்டர்ஸ் போட்டியின் ஒரு சுற்றை 66 அடிகளில் முடித்தார். அதில் பின்பாதி ஒன்பது குழிகளுக்கு 30 அடிகளே. அவர் வலியோடு மேடு ஏறி வந்தபோது, வழிநெடுகக் கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. 1971-ல் போட்டிகளுக்கு விடை கொடுத்தார்.

1997-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி போர்ட்வொர்த் நகரில் ஹோகன் காலமானார். வயது 84. விபத்தன்று அவர் உயிரைக் கொடுத்துக் காக்க முனைந்த வேலரி, கடைசிவரை அவருக்குத் துணையாக இருந்தார்.

ஹோகன் வென்ற பெரிய பட்டங்கள் 9. அவற்றில் விபத்துக்கு முன்பு கிடைத்தவை மூன்று. தோளும் இடுப்பும் முறிந்த பிறகு கிடைத்தவை ஆறு.

விபத்துக்கு முந்திய உடம்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. கிடைத்த உடம்புக்கு ஏற்ற வீச்சை, கூடத்தில் ஒரு சுற்று, தெருவில் ஒரு சுற்று, மைதானத்தில் ஒரு சிறு அடி என்று பொறுமையோடு அவரே தேடிக்கொண்டார்.